வெளிச்சத்தின் வேலைக்குப் பெயர் வேண்டும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் எந்த ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டினாலும், பந்தல்காரருக்கு அடுத்து வந்து நிற்பது லைட் செட்டிங் வண்டிதான். ட்ரஸ் சட்டங்கள், சுருட்டி வைத்த கேபிள், பார் லைட், ஷார்ப்பி, புகை மெஷின் என்று வரிசையாக இறங்கும். நான்கைந்து இளைஞர்கள் பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் தூக்கிக் கட்டி, லைன் கொடுத்து, எரியவிட்டுப் பார்த்தும் விடுகிறார்கள். அவர்களுடைய உழைப்பிலோ கைத்திறனிலோ குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் நிகழ்ச்சி தொடங்கியதும் நடப்பது வேறு. வானத்தில் கதிர்கள் சுழல்கின்றன; பின்திரை ஊதாவும் பச்சையுமாக மாறிக்கொண்டே இருக்கிறது; முன்வரிசைக்காரர்களுக்குக் கண் கூசுகிறது; ஆடுகிறவரின் முகம் மட்டும் தெரிவதில்லை. இவ்வளவு மின்சாரம் செலவாகும் இடத்தில் முகம் ஏன் இருட்டில் கிடக்கிறது? விளக்கின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது தீராது. விளக்கு வாடகைக்கு எடுக்கும்போது நாம் பேசுகிற பேச்சிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது.

மேடை விளக்குத் தொழிலின் சொற்களை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். ஒன்று சாமான்களின் பெயர். மற்றொன்று வெளிச்சம் செய்கிற வேலையின் பெயர்: எது முகத்தைக் காட்டுகிறது, எது ஆளைப் பின்திரையிலிருந்து பிரிக்கிறது, எது இடத்தை நிரப்புகிறது, எது ஒருவரை மட்டும் தனித்துக் காட்டுகிறது, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு எத்தனை நொடியில் மாறுகிறது. கொங்கு நாட்டில் முதல் வகைச் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. இரண்டாம் வகை அரிது. விழாக் கமிட்டிக்கும் அவை தெரியாது, கலைக்குழுவின் வாத்தியாருக்கும் தெரியாது. ஆகவே கேட்க முடிவதில்லை. கேட்காததை யாரும் தருவதும் இல்லை. மேடை ஒளிக்குத் தமிழில் கலைச்சொல் தேவை என்றால் அது இந்த இரண்டாம் வகைக்குத்தான் முதலில் தேவை. முதல் வகையை இப்போது இருக்கிறபடியே விட்டுவிடலாம்.

சாமான்களின் பெயர் வந்த வழியைப் பார்த்தால், அவற்றைத் தமிழாக்க மெனக்கெடுவதில் பெரிய பயன் இல்லை என்பது விளங்கும். எல்லோர் வாயிலும் புழங்கும் ‘பார் 64’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பார்’ என்பது அலுமினியம் பூசிய பரவளையப் பிரதிபலிப்பான் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 64 என்பது விளக்கு முகப்பின் விட்டம். ஓர் அங்குலத்தை எட்டுப் பங்காக்கி எண்ணுவதால் 64 என்றால் 8 அங்குலம், 56 என்றால் 7 அங்குலம். இன்று வாடகைக்கு வரும் எல்.இ.டி. பாரில் அந்தப் பரவளையக் கிண்ணம் இல்லை, சிறுசிறு எல்.இ.டி.களும் அவற்றின் மேல் குட்டி லென்ஸ்களும்தான் இருக்கின்றன. பொருள் போன பிறகும் பெயர் நிற்கிறது. ‘ஃபிரெனெல்’ என்பது 1820களில் கலங்கரை விளக்குக்காகப் படிப்படியான வளையங்கள் கொண்ட லென்ஸை வடிவமைத்த பிரெஞ்சு இயற்பியலாளரின் பெயர். ‘ஷார்ப்பி’ இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ஒரு மாடல். 189 வாட் விளக்கிலிருந்து மிக ஒடுங்கிய கதிரை வெகுதூரம் அனுப்பியது. இன்று எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த வகை விளக்கு நம் ஊரில் ஷார்ப்பிதான். நிறத்தாளை இன்னும் ‘ஜெலட்டின்’ என்கிறோம். அதை ஜெலட்டினில் செய்வது நின்று, சூடு தாங்கும் பிளாஸ்டிக்காகிப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. ‘லைம்லைட்’கூட, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுவாலையில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சி வெண்ணொளி எடுத்த ஒரு கருவியின் பெயர்; 1837இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அது மேடை ஏறியது. சுருக்கம், ஆள் பெயர், கம்பெனிப் பெயர் என்று தற்செயலாக ஒட்டிக்கொண்ட இவற்றை மொழிபெயர்த்து யாருக்கும் எதுவும் கூடுதலாகப் புரியப்போவதில்லை. பார் பாராகவே இருக்கட்டும்.

வேலையின் பெயர் அப்படியல்ல. அண்ணன்மார் கதையில் சங்கர் வேடம் கட்டிய ஒருவர் உருமாலோடு மேடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே விளக்கை அவருடைய உச்சந்தலைக்கு நேர்மேலே கட்டினால் உருமாலும் தோளும் மூக்கு நுனியும் பளிச்சிடும். கண்குழி இரண்டும் கறுத்துவிடும். அதே விளக்கைப் பார்வையாளர் பக்கமாக முகத்தின் மட்டத்துக்கே இறக்கினால் முகம் முழுக்கத் தெரியும். ஆனால் மூக்கும் கன்னமும் ஒன்றாகிச் சப்பட்டையாகும், அவருடைய நிழல் பின்திரையில் பெரிதாக ஏறும். மேடை விளிம்பில் தரையோடு வைத்தால் புருவத்தின் நிழல் நெற்றியில் ஏறி முகம் பயமுறுத்தும். காளி வேடத்துக்கு அது பொருந்தும், கல்யாணக் காட்சிக்குப் பொருந்தாது. முன்பக்கத்தில் ஓர் ஓரமாகச் சாய்த்து, ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் கட்டும்போதுதான் கண் தெரிகிறது, மூக்கின் நிழல் கன்னத்தோடு நின்றுவிடுகிறது. இந்த முதன்மை வெளிச்சத்தைக் ‘கீ’ என்பார்கள். மறுபக்கத்து இருட்டைத் தணிக்க மங்கலாகக் கொடுப்பது ‘ஃபில்’. பின்னால் உயரத்திலிருந்து வந்து தலைக்கும் தோளுக்கும் ஒளி விளிம்பு தந்து, ஆளைத் திரையிலிருந்து பெயர்த்துக் காட்டுவது ‘பேக் லைட்’. மேடை முழுவதையும் ஒரே சீராக நிறைப்பது ‘வாஷ்’. சங்கரின் தங்கை தங்காள் தனியே நின்று புலம்பும் இடத்துக்கென்று ஒதுக்கி வைத்த ஒற்றை விளக்கு ‘ஸ்பெஷல்’. இந்த ஐந்து வேலைக்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் விளக்கைப் பயன்படுத்தலாம். எங்கே கட்டுகிறோம், எந்தக் கோணத்தில் திருப்புகிறோம், எவ்வளவு எரிய விடுகிறோம் என்பதை வைத்தே ஒவ்வொன்றின் வேலையும் அமைகிறது. சாமானின் பெயரை மட்டும் சொல்லி வாடகைக்கு எடுத்தால், வேலை என்னவென்பது விடுபட்டுப் போகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் 1932இல் வெளியிட்ட சிறுநூல் இந்த வேலைப் பிரிவினையை ஒரு முறையாக்கியது. மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னாலிருந்து இரு பக்கமும் சாய்வாக இரண்டு விளக்கு. ஒன்றில் இளஞ்சூட்டு நிறம், மற்றதில் குளிர்நிறம். முகத்தின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். இதற்கு முன்பே சுவிட்சர்லாந்தின் மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் அப்பியா, வெளிச்சத்தையும் இசையோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டிய ஒன்றாகவே கண்டார். இவர்கள் இருவரையும் குறிப்பிடக் காரணம், இருவருடைய சிந்தனையிலும் எந்தச் சாமானும் மையமாக இல்லை என்பதுதான். அவர்கள் காலத்து விளக்குகள் இன்று மியூசியத்தில்தான் இருக்கும். அவர்கள் பேசிய வேலைகள் இன்றைய எல்.இ.டி. மேடையிலும் அப்படியே இருக்கின்றன.

இதை வள்ளி கும்மிக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமையின் தீவிரம் தெரியும். கொங்கு நாட்டில் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்கிறது. கோவை மாவட்டத்தின் மூத்த ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது இந்தக் கலைக்குத்தான். இது மேடைக் கலையே அல்ல, வட்டத்தின் கலை. ஆடுகிறவர்கள் சுற்றி வருகிறார்கள், பார்க்கிறவர்கள் நாலா பக்கமும் நிற்கிறார்கள். ஆனால் விளக்கோ பாட்டுக்காரர் அமர்ந்திருக்கும் மேடையின் ட்ரஸ்ஸிலிருந்து ஒரே பக்கமாக அடிக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் பாதிச் சுற்றில் வெளிச்சத்தைப் பார்த்தபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆடுகிறார். மறுபாதியில் முதுகில் வெளிச்சம், முகத்தில் இருட்டு. எதிர்ப்பக்கம் நிற்கும் சனங்களுக்கு விளக்கு நேராகக் கண்ணில் குத்துகிறது. தொலைவு இன்னொரு சிக்கல். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. ஆகவே வட்டத்தின் இந்த ஓரம் வெளுத்தும் அந்த ஓரம் மங்கியும் போவது இயற்கை. நான்கு மூலையில் நான்கு கம்பம் நட்டு, விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஒன்றின் பரப்பு இன்னொன்றின் மேல் படியும்படி அமைத்தால் தீர்ந்தது. கணக்கும் எளிது: ஆடுகிறவரிடமிருந்து 6 மீட்டர் தள்ளிக் கம்பம் நின்றால், 45 பாகை வருவதற்கு விளக்கு அவருடைய முகத்துக்கு மேலே 6 மீட்டர் இருக்க வேண்டும், தரையிலிருந்து ஏறத்தாழ ஏழரை மீட்டர். இப்படிச் செய்ய இப்போது கொண்டுவருவதைவிடக் கூடுதலாக ஒரு விளக்குகூட வேண்டாம். ‘வட்டம் முழுக்கச் சீரான பரப்பு வெளிச்சம், நாலு பக்கமிருந்து’ என்று கமிட்டி கேட்டிருந்தால் போதும்.

கேட்பதற்குரிய சொல் எங்கிருந்து வரும் என்பதற்குக் கொங்கு நாட்டுத் தறிக்கூடமே சான்று. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி வந்தபோது மோட்டார், பீம், கோன், சைசிங் என்று மெஷினின் பெயர்கள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே வந்து சேர்ந்தன. யாரும் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் துணி உருவாகும் வேலைக்குரிய சொற்கள் கைத்தறிக் காலத்தவையாகவே நின்றன. பாவு பாவாகவே இருக்கிறது, ஊடை ஊடையாகவே இருக்கிறது. எந்த மெஷின் வந்தாலும் எது நீளவாட்டில் ஓடுகிறது, எது குறுக்கே போகிறது என்று நெசவாளி தன் சொல்லிலேயே யோசித்ததால், மெஷின் மாறியபோது அறிவு மாறிப்போகவில்லை. பழைய அறிவு புதிய மெஷினுக்குள் குடியேறியது. மேடை விளக்கில் நடந்தது தலைகீழ். மெஷினின் பெயர் வந்தது; வேலையின் பெயர் வரவும் இல்லை, முன்பு இருந்ததை யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

முன்பு இருந்ததா என்றால், இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவைக் கோல் கணக்கில் சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், தளத்துக்கும் மேல் பலகைக்கும் நடுவே நான்கு கோல். கோல் என்பது 24 விரல். ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்று திரைக்கே மூன்று கலைச்சொல் இருக்கிறது. மூன்றுமே திரை செய்கிற வேலையை வைத்துச் சூட்டிய பெயர்கள். விளக்கைப் பற்றி அந்தக் காதை சொல்லும் செய்தி இன்னும் கூர்மையானது. எத்தனை விளக்கு என்ற எண்ணிக்கை அதில் வரவில்லை. அரங்கின் தூண்களுடைய நிழல் விலகிப்போகும்படி விளக்கை நிறுத்த வேண்டும் என்கிறது. மேடையிலும் அவையிலும் அந்த நிழல் விழக் கூடாது என்று உரை விளக்குகிறது. வெளிச்சத்தை அதன் நிழலைக் கொண்டு அளக்கும் இந்தப் பார்வைதான் ஒளியமைப்பின் முதல் பாடம். இந்தக் காதைக்கு விரிவான உரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பை ஊரினர் என்பது கொங்கு மண்டல மரபு. பொப்பண்ண காங்கேயன் என்பவர் அவரை ஆதரித்தார். தம் காலத்துக்குள் மறைந்தும் மறையாமலும் இருந்த நாடகத் தமிழ் நூல்களின் பெயர்களை அவர் எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் அவை இருந்ததே நமக்குத் தெரியாது. உ.வே. சாமிநாதையர் 1892இல் அந்த உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சிட்டார். மேடைக் கலைச்சொல்லைத் தமிழில் பேணிய வேலையில் கொங்கு நாட்டுக்கு இவ்வளவு பழைய பங்கு இருக்கிறது.

ஏட்டை விட்டுக் களத்துக்கு வந்தாலும் இதே அறிவு தென்படும். சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்துக் கூத்துக் களத்தில் மின்சாரம் வருவதற்கு முன் எண்ணெய் ஊற்றிய பந்தம் எரிந்தது. பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது. நம் சனங்கள் அதைக் காஸ் லைட் என்றார்கள். வேடக்காரரின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: கட்டை முழுவதும் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வாட்டத்தில் பதித்தவை. பக்கவாட்டில் தாழ்வாக எரியும் தீ அசையும்போது ஒரு சில்லு அணைந்து அடுத்தது மின்னும். ஆட்டக்காரர் ஒரு கிறுக்கி அடித்தால் உடம்பெல்லாம் பொறி பறக்கும். தீயின் வெளிச்சத்துக்காகச் செய்த நகை அது. அதை முகத்துக்கு நேரே ஒரே சீராக அடிக்கும் வெள்ளை எல்.இ.டி.க்கு முன் நிறுத்தினால் எல்லாச் சில்லும் ஒரே மாதிரி வெளுத்து உயிரற்றுப் போகும். அரிதாரமும் அப்படித்தான். செம்பூச்சின் மேல் பச்சை ஒளி விழுந்தால் அது சிவப்பாகத் தெரியாது, கறுப்பாகத் தெரியும். சிவப்புப் பூச்சு திருப்பி அனுப்புவதற்குப் பச்சை ஒளியில் சிவப்பே இல்லை. பின்திரை அழகுக்கென்று பச்சையை ஓடவிடும் கண்ட்ரோலர்காரர் துச்சாதனனின் முகத்தை அழித்துக்கொண்டிருக்கிறார் என்பதை அவருக்குச் சொல்லும் சொல் நம்மிடம் இல்லை. தோல்பாவைக் கூத்திலோ விளக்கு திரைக்குப் பின்னால். பாவையின் சாயம் ஒளியை ஊடுருவவிட்டு நிறமாகிறது. முன்னொளி, பின்னொளி, பக்கவொளி மூன்றையும் நம் கலைகள் தனித்தனியே கையாண்டிருக்கின்றன.

மின்சாரம் வந்த கதையில் கோவைக்கு இன்னொரு பங்கும் உண்டு. லண்டனின் சவாய் அரங்கம் 1881இல் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. நம் பக்கத்திலோ, ஊர் ஊராகப் படம் காட்டிவந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1932இல் பைக்காரா புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் ஆலைகளோடு சேர்ந்து அரங்குகளுக்கும் மின்சாரம் பெருகியது. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இங்கே இயங்கிய ஆண்டுகளில் ‘ராஜகுமாரி’, ‘மலைக்கள்ளன்’ போன்ற படங்கள் இந்த ஊரில் உருவாயின. கீயும் ஃபில்லும் பேக் லைட்டும் தெரிந்த லைட்மேன்கள் இந்த ஊர்த் தெருக்களில் நடந்திருப்பார்கள். சினிமா சென்னையில் நிலைகொண்டபோது அந்தச் சொற்களும் ஸ்டூடியோவோடு போய்விட்டன; நாடக மேடைக்கோ கோயில் திடலுக்கோ இறங்கி வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். சினிமாக்காரர்களின் கீ, ஃபில், பேக் லைட் இருக்கும்போது தமிழ்ச் சொல் எதற்கு? சாமானுக்கு ஆங்கிலம் சரி, வேலைக்கு மட்டும் கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழிலுக்குள் இருப்பவர் தமக்குள் கீ என்று பேசிக்கொள்ளட்டும். ஆனால் வெளிச்சத்தைக் கேட்பவர் தொழிலுக்கு வெளியே இருக்கிறார்: கும்மி ஆசிரியை, கோயில் தர்மகர்த்தா, பள்ளி ஆண்டு விழா நடத்தும் தலைமையாசிரியர். கீ என்ற சொல்லைக் கேட்டு அவர்களுக்கு ஒரு கோணமும் மனத்தில் எழாது. ‘முகவெளிச்சம்’ என்றால் உடனே எழும்; எந்தப் பக்கமிருந்து, யாருடைய முகத்துக்கு என்ற அடுத்த கேள்வியும் தானே வரும். தவிர, சினிமாச் சொற்கள் கேமரா என்ற ஒற்றைக் கண்ணுக்காக உருவானவை. எந்தத் திசை முன், எந்தத் திசை பின் என்பதைக் கேமராவே நிர்ணயிக்கிறது. வள்ளி கும்மியில் ஒருவருக்குப் பேக் லைட்டாக இருப்பது எதிரில் நிற்பவருக்குக் கீயாக இருக்கும். நம் களத்துக்கு நம் களத்தை அறிந்த சொல்தான் உதவும்.

இன்னொரு மறுப்பு நாட்டார் கலையின்மேல் அக்கறை கொண்டவர்களிடமிருந்து வருவது. ஒளியமைப்பு என்பதே சட்டமிட்ட மேடையின் பழக்கம், அதைக் கூத்துக்கும் கும்மிக்கும் கொண்டுவந்தால் களத்தின் கூட்டுத்தன்மை கெடும், பார்வையாளர் இருட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார் என்பது அவர்கள் அச்சம். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். பார்வையாளரை இருட்டில் வைப்பது கூத்தின் இயல்பே அல்ல. ஆனால் விளக்கா, விளக்கில்லாமையா என்று தேர்ந்தெடுக்கும் காலம் எப்போதோ போய்விட்டது. எல்.இ.டி. ஏற்கெனவே களத்தில் நிற்கிறது, ஏற்கெனவே கெடுத்துக்கொண்டிருக்கிறது. கூத்து வாத்தியாரின் கையில் வேலைச் சொல் இருந்தால்தான் ‘சனங்கள் மேலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும்’, ‘பக்கத்திலிருந்து தாழ்வாக, செம்மஞ்சளாகக் கொடு’, ‘பச்சையை அணை’ என்று அவர் தம் கலையைக் காப்பாற்ற முடியும். இல்லாவிட்டால் தீர்மானிப்பது விளக்கோடு வந்த ஆட்டோமேட்டிக் புரோகிராம்தான்.

செலவு அதிகமாகும் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு 1000 வாட் ஹாலஜன் பார் 230 வோல்ட்டில் நாலே கால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும்; அந்த இடத்தில் இன்று 200 வாட்டுக்குள் ஓர் எல்.இ.டி. போதும். மிச்சமானதைத்தான் வானத்துக் கதிர்களில் செலவழிக்கிறோம். குறைந்த சாமானில் நிறையச் சாதிக்கலாம் என்பதற்குக் கொல்கத்தாவின் ஒளியமைப்பாளர் தாபஸ் சென் நல்ல உதாரணம். 1959இல் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குவதை வெளிச்சத்தாலேயே காட்டினார். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்றைய கோவையின் ஒரு நடுத்தர வாடகைக் கம்பெனியிடம் இருக்கும் சாமானில் பத்தில் ஒரு பங்கு அன்று அவரிடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். எந்த வெளிச்சம் என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு மட்டும் அவரிடம் நிறைய இருந்தது.

கடைசி மறுப்பு சொல்லாக்கத்தைப் பற்றியது. அகராதியில் கலைச்சொல் பட்டியல் போட்டால் அது அகராதியிலேயே கிடக்கும், யார் வாயிலும் ஏறாது என்பார்கள். பல பட்டியல்களுக்கு அப்படி நேர்ந்தது உண்மை. ஆனால் கோவையிலிருந்து ஜி.ஆர். தாமோதரன் நடத்திய ‘கலைக்கதிர்’ மாத இதழ் அறிவியல் சொற்களைக் கட்டுரைக்குள், படத்தின் பக்கத்தில், வாசகரின் தேவைக்கு நடுவே வைத்துப் பழக்கியது. படிக்கிறவர் சொல்லைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டியபோது நாடகக்காரர்களும் தமிழறிஞர்களும் ஒரே பந்தலில் உட்கார முடிந்தது. மேடை ஒளிக்கும் அத்தகைய ஒரு கூடல் வேண்டும். அதில் முதல் இருக்கை கம்பத்தில் ஏறுகிறவருக்கு. அவர் வாயில் பாதிச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன: ஏத்து, இறக்கு, அணை, திருப்பு, விரி, ஒடுக்கு. டிம்மரில் மூன்று நொடியில் இறக்குவதும் பத்து நொடியில் இறக்குவதும் வேறு வேறு உணர்ச்சி என்பதைச் சேர்த்துவிட்டால் ‘மெல்ல இறக்கு’, ‘வெட்டி அணை’ என்பவை கலைச்சொல் ஆகிவிடும். ஃபிரெனெலின் வெளிச்சத்துக்கு ஓரம் கரைந்திருக்கும், புரொஃபைல் விளக்கின் வெளிச்சத்துக்கு ஓரம் கூராக இருக்கும். ‘கரைந்த ஓரம்’, ‘கூர் ஓரம்’ என்றால் விளக்கின் பெயர் தெரியாதவரும் தமக்கு எது வேண்டும் என்று சொல்லிவிடலாம். முகவெளிச்சம், நிரப்பு, பின்வெளிச்சம், பரப்பு, தனிவிளக்கு என்பவை என் பரிந்துரைகள் மட்டுமே. வேறு சொல் வாயில் நன்றாக உட்கார்ந்தால் அதுவே நிற்கட்டும். எந்தச் சொல்லானாலும் அது வேலையைச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தொடங்குவதற்கு அரசாணையோ புதுப் பாடத்திட்டமோ தேவையில்லை. நோம்பிக்கு லைட் எஸ்டிமேட் வாங்கும் தாள் போதும். இப்போது அதில் பார் இருபத்துநாலு, ஷார்ப்பி எட்டு, புகை மெஷின் இரண்டு, ட்ரஸ் இத்தனை அடி என்று இருக்கிறது. அதற்கு மேலே கமிட்டி நான்கு வரி எழுதிக் கொடுக்கலாம்: கும்மி வட்டத்துக்கு நாலு பக்கமிருந்தும் பரப்பு வெளிச்சம், உடுக்கையடிப் பாட்டுக்காரருக்கு இரவு முழுவதும் அணையாத முகவெளிச்சம், தங்காள் புலம்பலுக்குப் பத்து நொடியில் ஏறி இருபது நொடியில் இறங்கும், கரைந்த ஓரம் கொண்ட ஒரு தனிவிளக்கு, வேடக்காரர் முகத்தில் பச்சை விழக் கூடாது. எந்த விளக்கைக் கொண்டு இதைச் செய்வது என்பதை லைட்காரர் தீர்மானித்துக்கொள்வார். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.